அடியில் எழுதிய தேதி

அந்தக் கடையில் வாங்கிய மிக்சி எதையாவது தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நான்கு ரப்பர் கால்களுக்கு நடுவே நெயில் பாலிஷால் எழுதிய ஒரு தேதி இருக்கும். நாள், மாதம், வருடம். சில வீடுகளில் அது பச்சையாக இருக்கும், சில வீடுகளில் ஊதாவாக. ஒரு வருடம் மட்டும் யாருக்கும் பிடிக்காத ஒரு வெண்கல நிறம். எல்லாம் ஒரே கையெழுத்து. ஒன்றே ஒன்று தவிர; அதற்குப் பிறகு வருவோம்.

கைக்குச் சொந்தக்காரர், வீட்டு உபயோகப் பொருள் கடையின் முதல் மாடியில், படியேறியதும் இடது பக்கம், இருபத்திரண்டு வருடமாக நிற்கிறார். வாங்க வருகிறவர்களுக்கு அவர் மிக்சி அக்கா. கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான். வீட்டில் சண்டை முற்றினால் வீட்டுக்காரரே, "மிக்சி அக்கா, கொஞ்சம் ஸ்பீடைக் குறைங்க" என்பார்.

நெயில் பாலிஷ் பழக்கம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது. ஒரு மனிதர் புகைந்துபோன மிக்சியோடு வந்தார். வாங்கிப் பதினொரு மாதம்தான் ஆகிறது என்றார். பில் இல்லை. சர்வீஸ் ஜன்னலில் இருந்தவர் பில் இல்லாமல் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மிக்சியை இடுப்பில் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு, மாடி நடுவில் நின்று அந்த மனிதர் கத்திய கத்தல் கீழே தெருவரை கேட்டது. அக்காவுக்கு ஆளை நன்றாக ஞாபகம் இருந்தது. விற்றதே அவர்தான். ஆனால் ஞாபகத்தைக் காகிதமாக யார் ஏற்றுக்கொள்வார்கள்?

அதற்கப்புறம் அக்கா என்னென்னவோ செய்து பார்த்தார். ஸ்டிக்கர் ஒட்டினால் ஆவியில் உரிந்தது. பேனாவில் எழுதினால் ஒரு துடைப்பில் போனது. மார்க்கர் எண்ணெய் பட்டதும் கரைந்தது. ஒரு நாள் வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது கண் தன் விரல்களிலேயே நின்றது. சோப்பு, எண்ணெய், வெந்நீர் எல்லாவற்றையும் பத்து நாளாகத் தாக்குப்பிடித்து நகத்தில் சிவப்பு அப்படியே இருந்தது. மறுநாளே பாட்டிலைக் கடைக்கு எடுத்துப் போனார். "அடியில் தேதி இருந்தால் பில் கேட்க வேண்டாம்" என்று பெரிய முதலாளி சர்வீஸ் ஜன்னலுக்கு உத்தரவு போட்டார். பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்க்காரி, விற்காமல் தேங்கிய நிறத்தை வருடத்துக்கு ஒன்றாகக் கொடுத்து உதவினாள். அதனால்தான் வெண்கலம். கவுண்டர் டிராயரின் உட்பக்கத்தில் வருடத்துக்கு ஒரு கோடாக இருபத்தொரு கோடுகள் இழுத்து வைத்திருந்தார் அக்கா. அடியில் பூசிய நிறத்தைப் பார்த்தாலே மிக்சியின் வயதைச் சொல்லிவிடுவார்.

விற்பதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மற்ற கவுண்டர்களில் "எவ்வளவு பட்ஜெட்டுங்க?" என்று ஆரம்பிப்பார்கள். அக்கா, "இது உங்களுக்கு எத்தனை வருஷம் வேணும்?" என்று கேட்பார். வந்தவர்கள் முழிப்பார்கள். "என்னங்க கேள்வி இது? உடையற வரைக்கும்தான்" என்பார்கள். "அப்ப இதைப் பாருங்க" என்று நடு அலமாரியிலிருந்து ஒன்றை இறக்குவார்.

நடு அலமாரி, கண் மட்டத்தில் இருந்தது. அதில் நான்கு கனமான மிக்சிகள். உலோக உடம்பு, ஏழு கிலோ வரை எடை, தாழ்ந்த குரலில் உறுமும் மோட்டார். ஐஸ் கட்டிகளைப் போட்டு ஒரே சுற்றில் பொடியாக்கிக் காட்டுவார் அக்கா. படிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக அடுக்கியிருந்தவை மலிவு மிக்சிகள். பிளாஸ்டிக் உடம்பு, பளீரென்ற நிறங்கள், விலை மூன்றில் ஒரு பங்கு. யாராவது அந்தப் பக்கம் கண்ணை ஓட்டினால் அக்கா குரலைத் தாழ்த்துவார். "அதெல்லாம் விருந்தாளிங்க. வரும், கொஞ்ச நாள் சத்தம் போடும், போயிடும். இது குடும்பத்து ஆளு."

இந்த வசனத்துக்கு மயங்கிக் கனமானதைத் தூக்கிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

பெரிய முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு மகன் கல்லாவுக்கு வந்த வருடம் காற்று மாறியது. சின்ன முதலாளிக்கு முப்பத்தைந்து வயது. மரியாதை தெரிந்தவர், வேகமானவர், வாரம் ஐந்து நாள் ஜிம்முக்குப் போகிறவர். ஒரு காலை, கடை திறப்பதற்கு முன் மாடிக்கு வந்து நடு அலமாரியைக் கையால் தட்டினார்.

"அக்கா, பத்து மிக்சி வித்தா எட்டு கீழ இருக்கறதுதான் போகுது. இந்த நாலும் நல்ல இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது. அடுத்த மாசத்திலேருந்து இங்க கலர் மிக்சியை அடுக்கப் போறேன்."

"இது எங்க போகும்?"

"ஸ்டாக் தீர்ந்ததும் நிறுத்திடலாம். உங்களைக் கீழ போன் கவர் பக்கம் போட்டிருக்கேன். உட்கார்ந்துக்கிட்டே விக்கலாம்க்கா."

"நான் உட்கார வரலையே தம்பி" என்றார் அக்கா.

அக்கா யோசிக்காமல் அடுத்ததைச் சொன்னார். "அடுத்த வாரம் எக்ஸ்சேஞ்ச் வாரம். பழசெல்லாம் திரும்பி வரும். ஒவ்வொன்னுக்கும் அடியில தேதி இருக்கு. எது எத்தனை வருஷம் நின்னுச்சுன்னு அதுவே சொல்லட்டும். கனமானது நிக்கலைன்னா நானே போன் கவர் விக்கறேன்."

"நின்னா?"

"அலமாரி இருக்கட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அக்காவும் நீட்டினார்.

*

எக்ஸ்சேஞ்ச் வாரத்தில் அந்தப் படிக்கட்டைப் பார்த்தால் ஊரே வீடு காலி செய்வதாகத் தோன்றும். பழைய மிக்சிகள் துணிப்பையில் வந்தன, பிளாஸ்டிக் வாளியில் வந்தன. ஒன்று குழந்தைத் தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு வந்தது; குழந்தை அப்பாவின் தோளில் இருந்தது. இன்னொன்றைப் பைக்கின் பின் இருக்கையில் பெல்ட் போட்டுக் கட்டி அழைத்து வந்திருந்தார்கள். வரிசை மாடியிலிருந்து இறங்கி, கண்ணாடிக் கதவைத் தாண்டி, ஃபேன்சி ஸ்டோர் வாசல் வரை நீண்டது. வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் மிக்சியை ஒருவர் விசாரித்தார்கள். "உங்களுது எப்படிப் போச்சு?" "நல்லாத்தாங்க இருந்துச்சு, திடீர்னு ஒரு வாசம்..."

பழசை வாங்கும் மேசையை அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டார். வந்ததும் திருப்பு, தேதி பார், பிளக்கில் மாட்டு, ஒரு சுற்று ஓட விடு, கூப்பன் கொடு. எதிர்ப்பக்கத்து ஃபிரிட்ஜ் அண்ணன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்னக்கா, குழந்தைக்கு டயப்பர் பாக்கற மாதிரி ஒவ்வொன்னையும் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?"

"உங்க ஃபிரிட்ஜைத் திருப்ப முடியாதுன்னு பொறாமை."

பின்பக்கக் கிடங்கில் லோடு அண்ணன் இரண்டு குவியல் போட்டார். இடது பக்கம் கனமானவை, வலது பக்கம் மலிவானவை. இரண்டு நாளில் வலது குவியல் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. அடியைப் பார்த்தால் பெரும்பாலும் போன வருடத்து ஆரஞ்சு, அதற்கு முந்திய வருடத்து ரோஜா. பிளக்கில் மாட்டினால் சத்தமே இல்லை, அல்லது சத்தம் மட்டும். இடது குவியலில் பதினேழுதான். ஆனால் நிறங்களைப் பார்க்க வேண்டுமே! பதினாலு வருடத்துப் பச்சை. பதினொரு வருடத்து ஊதா. வெண்கலம்கூட இரண்டு. பிளக்கில் மாட்டினால் ஏறக்குறைய எல்லாமே உறுமின.

இரண்டாம் நாள் சாயங்காலம் சின்ன முதலாளி கிடங்குக்கு வந்து, பச்சைத் தேதி போட்ட ஒன்றைத் தானே ஓட விட்டுக் கேட்டார். விசில் அடித்தார்.

"இது நான் காலேஜ் படிச்சப்ப வித்ததுக்கா!"

"ஆமா. நீங்க மாறிட்டீங்க. இது மாறலை."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இப்படியே வந்துச்சுன்னா அலமாரி உங்களுக்குத்தான். என் வாயாலேயே சொல்றேன்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவின் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் காலை, பதினொன்றரை மணி வாக்கில், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வந்தார். மெலிந்த உடம்பு. கூட வந்த கணவர் துணிப்பையைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். உள்ளே கனமான மிக்சி. அடியில் ஊதா. பதினொரு வருடம். பிளக்கில் மாட்டலாம் என்று அக்கா வயரைப் பிரித்தார், கை நின்றது.

கம்பெனியில் வயரைச் சுருட்டி முடிந்து அனுப்பிய சின்ன முறுக்குக் கம்பி இன்னும் அதில் இருந்தது.

ரப்பர் கால்களைத் தடவினார். தேய்மானம் இல்லை. ஜாரைத் தூக்கி, அது உட்காரும் இடத்திலிருந்த பல்சக்கரத்தைப் பார்த்தார். பற்கள் ஒவ்வொன்றும் அச்சிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த கூர்மையில் இருந்தன.

"டீச்சர், இதை எத்தனை தடவை ஓட்டியிருப்பீங்க?"

டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. நீங்க அவ்வளவு நல்லா எடுத்துச் சொன்னீங்க, அதனாலதான் வாங்கினோம். ஆனா எங்க கிச்சன்ல மேடை இத்தினியூண்டு. அதனால மேல் தட்டுல வச்சோம். ரெண்டு தக்காளி அரைக்க அதை யாரு இறக்கி ஏத்தறது? ஒரு தடவை இறக்கறப்ப தோள் புடிச்சிக்கிச்சு. அப்புறம் எங்க தெருக்கோடிக் கடையில விப்பாங்களே, சின்னது... அதை வாங்கிட்டோம். அது போனதும் இன்னொன்னு. இப்ப நாலாவது."

"நாலாவது" என்று அக்கா திருப்பிச் சொன்னார்.

"இது மட்டும் புதுசாவே இருக்கு" என்றார் கணவர், பாராட்டு மாதிரி.

கூப்பனைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மேசையை ஃபிரிட்ஜ் அண்ணனிடம் ஒப்படைத்து, அக்கா கிடங்குக்குப் போனார். இடது குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பற்கள் தேய்ந்திருக்கின்றனவா, இல்லையா? சரியாகத் தெரியவில்லை. படிக்கும் கண்ணாடி வீட்டில் மேசைமேல் கிடந்தது. வீடு எட்டு நிமிட நடை. சாப்பாட்டு நேரம் வேறு. கிளம்பினார்.

*

வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் விடிகாலை ஷிஃப்ட். பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். அதனால் கல்யாணமான நாளிலிருந்து வார நாட்களில் சமையல் அவர் கையில். கடைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை; அன்றைக்கு அக்கா சமைப்பார், வீட்டுக்காரர் குறை சொல்லிச் சாப்பிடுவார்.

மாடிப்படி ஏறும்போதே ஒரு மிக்சி சத்தம் கேட்டது. மெலிந்த, கீச்சென்ற, அவசரக் குரல். சத்தத்தை வைத்தே அக்கா ஆளைச் சொல்லிவிடுவார்: மலிவு ரகம், சின்ன ஜார், பாதி கொள்ளளவு. பக்கத்து வீட்டில் ஏதோ அரைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

சமையலறையில், ஆரஞ்சு நிறத்தில் கைக்கடக்கமான ஒரு மிக்சியின் மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வீட்டுக்காரர் நின்றிருந்தார். மனைவியைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மிக்சிமேல் போட்டார். மிக்சி துண்டுக்கு அடியில் தொடர்ந்து ஓடியது.

"என்ன அது?"

"எது?"

"துண்டுக்கு அடியில கத்துதே, அது."

வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்தார். "விருந்தாளி" என்றார்.

அக்கா துண்டை எடுத்தார். அவருடைய கனமான மிக்சி, பதினேழு வருடத்துக்கு முன் தன் கையாலேயே தேதி எழுதிக் கொண்டுவந்தது, அடுப்புக்கு மேல் தட்டில், தைத்துப் போட்ட உறைக்குள் பத்திரமாக இருந்தது. விடுமுறை நாட்களில் அதை இறக்கித் துடைத்து வைக்கும்போதெல்லாம், இத்தனை வருடமாகியும் எப்படிப் பளபளவென்று இருக்கிறது என்று அக்கா வியந்திருக்கிறார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம். ரெண்டேகால். அரிசி டிரம்முக்குப் பின்னாடி வச்சிருந்தேன்."

"நம்ம மிக்சி தினமும் பளிச்சுன்னு இருந்துச்சே!"

"உபயோகிச்சாத்தானே அழுக்காகும்."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வீட்டுக்காரர் இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "அச்சகத்துல காகிதக் கட்டு விழுந்து கை பிசகினது ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் அதை இறக்க முடியலை. ஒரு தடவை கை நழுவி, தலைக்குப் பக்கத்துல வந்து அடுப்பு மேல விழுந்துச்சு. அடுப்புக்குத்தான் சொட்டை. அதுக்கு ஒன்னும் ஆகலை."

"அடுப்புச் சொட்டை பாத்திரம் விழுந்துதானே வந்துச்சு? அப்படித்தானே சொன்னீங்க?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஊரு பூராவும் அதைத் தூக்கித் தூக்கி வித்தவ நீ. வீட்டுலேயே ஒருத்தனால தூக்க முடியலைன்னா உனக்குத்தானே அசிங்கம்?"

அக்கா ஆரஞ்சு மிக்சியைத் திருப்பினார். வெறுமனே பழக்கம், கை தானாகத் திரும்பிவிட்டது. அடியில், நத்தை ஊர்ந்ததுபோல் கோணல்மாணலாக ஒரு தேதி. அவருடைய பாட்டில் நிறம், அவருடைய கையெழுத்து இல்லை.

"யாரு எழுதினது?"

"நீ ஊருக்குப் போயிருந்த அன்னிக்கு உன் கடையிலதான் வாங்கினேன். ஃபிரிட்ஜ் அண்ணன்தான் வித்தாரு. தேதி போடாம கடையை விட்டு எதுவும் போகக் கூடாதுன்னு அக்கா சட்டம்னு சொல்லிட்டு அவரே எழுதினாரு. படியைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே எழுதினாரு பாவம்."

கடைசியில் அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்காரரும் தைரியம் வந்து சிரித்தார். அப்புறம் அக்கா சிரிப்பை நிறுத்திக்கொண்டு மேல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடச் சொல்லித் தட்டை முன்னால் வைத்தபோதும் கண் அங்கேயே இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

*

அன்று மதியத்திலிருந்து பழசு வாங்கும் மேசையில் ஒரு கேள்வி கூடிவிட்டது. "இதை ஏன் குடுக்கறீங்க?"

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா இதைக் கேட்டதே இல்லை. விற்கும்போது கேட்கத் தேவைப்படவில்லை. கெட்டுப்போனால் சர்வீஸ் ஜன்னல் கேட்டுக்கொள்ளும். கெட்டுப்போகாமல் மூலையில் கிடந்ததை யாரும் எந்த ஜன்னலுக்கும் கொண்டுவரவில்லை.

"கனம்." "சத்தத்துக்குக் குழந்தை எழுந்துக்குது." "பெரிய ஜார்க்கா, நாங்க ரெண்டே பேரு. போட்டது அடியிலேயே ஒட்டிக்கிது." ஒரு தையற்காரர், பதிமூன்று வருடம் தினமும் ஓட்டித் தேய்த்த மிக்சியைக் கொண்டுவந்தார். மோட்டார் சிங்கம் மாதிரி இருந்தது. "அப்புறம் ஏண்ணே?" என்று கேட்டதற்கு மூடியைக் காட்டினார். மூடியின் உள்ளே பொருந்தும் ரப்பர் வளையம் பிய்ந்து போயிருந்தது. ஒரு பிளாஸ்டிக் பையை மடித்துச் சொருகியிருந்தார்.

"இந்த வளையம் எங்கேயும் கிடைக்கலைம்மா. மூணு மாசமா அலைஞ்சேன். அரைச்சா சுவரெல்லாம் தெளிக்குது. வீட்டுல தினமும் சண்டை. சனியன் தொலையட்டும்னு கொண்டாந்துட்டேன்."

சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு வளையம்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவும் லோடு அண்ணனும் இடது குவியலை முழுக்கப் பிரித்து அடுக்கினார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. ரப்பர் கால், பல்சக்கரம், வயர், மூடி என்று ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார் அக்கா. உண்மையாகவே உழைத்து ஓய்ந்தவை ஆறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வளையத்துக்கோ, திருகும் குமிழுக்கோ, உடைந்த மூடிக்கோ வழி இல்லாமல் கைவிடப்பட்டவை பதினொன்று. மீதி இருபத்து நாலும் ஏறக்குறைய புதுசு.

வலது குவியலையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் செத்தவைதான் அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குள்ளும் ஆறு வருடம், ஏழு வருடத்து நிறங்கள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டின. இரண்டு பேர் இருக்கும் வீடுகளில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சூடானால் நிறுத்தி ஓட்டியவை. விருந்தாளி என்று அக்கா கேலி செய்ததில் சில பேர் வேலைக்காரர்களாக இருந்திருக்கிறார்கள்.

ஃபிரிட்ஜ் அண்ணன் சாப்பாட்டு டப்பாவோடு வந்து எட்டிப் பார்த்தார். ஆரஞ்சு மிக்சி விஷயம் வெளியே வந்துவிட்டது தெரிந்ததால் குரலில் கொஞ்சம் பணிவு.

"அக்கா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. முதலாளி அடியைத்தான் பார்ப்பாரு. வயரைப் பார்க்க மாட்டாரு. நீங்க ஏற்கனவே ஜெயிச்சாச்சு. சும்மா இருந்துட்டாப் போதும்."

"ரெண்டு வருஷமா சும்மா இருந்தவரு நீங்க. உங்களுக்கு அது நல்லா வரும்."

அண்ணன் டப்பாவை மூடிக்கொண்டு நகர்ந்தார். ஆனால் அவர் சொன்னது உண்மைதான். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் அலமாரி நிற்கும், கவுண்டர் நிற்கும், "இது குடும்பத்து ஆளு" என்ற வசனமும் நிற்கும். தேதிகள் பொய் சொல்லவில்லை. எழுதியவர் அவரே. ஆனால் அவை எப்போது வாங்கியது என்று மட்டும்தான் சொல்லும். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு உழைத்தது என்று இத்தனை வருடம் அக்கா படித்துவந்திருக்கிறார். டீச்சரின் தோளும் வீட்டுக்காரரின் மணிக்கட்டும் எந்தத் தேதியிலும் எழுதப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைப்பற்றி நினைக்க நேரமில்லை.

*

திங்கட்கிழமை காலை, ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. சின்ன முதலாளி கிடங்குக்குள் வந்ததும் வாயெல்லாம் பல்லாக, "அக்கா, வாழ்த்துக்கள்!" என்றார்.

"இருங்க தம்பி. இதைக் கொஞ்சம் தூக்குங்க."

அக்கா ஒரு கனமான மிக்சியைக் காட்டினார். பக்கத்தில் இருந்த இரும்பு ராக்கின் மேல் தட்டைக் காட்டினார். "அங்க வைங்க. இப்ப இறக்குங்க. திரும்ப வைங்க."

நான்காவது தடவை சின்ன முதலாளி சிரித்தார். ஏழாவது தடவை சிரிக்கவில்லை. பத்தாவது தடவை இறக்கிவிட்டுத் தோளை உருட்டினார். "என்னக்கா, ஜிம் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"நீங்க ஜிம்முக்குப் போறவரு. இதை நான் டீச்சருக்கு வித்தேன். மணிக்கட்டு பிசகினவருக்கு வித்தேன்." அப்புறம் மூன்று அடுக்கையும் காட்டி, ஒளிக்காமல் சொன்னார். சனிக்கிழமை மதியம் வரை வந்ததில் ஆறு, பதினொன்று, இருபத்து நாலு. முறுக்குக் கம்பி அவிழாத வயரை அவர் கையிலேயே கொடுத்தார்.

சின்ன முதலாளி அந்தக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "நேத்து வரைக்கும் நீங்க ஜெயிச்சிருந்தீங்க."

"தெரியும்."

"அலமாரி போயிடும்க்கா."

"போகட்டும். கண் மட்டத்துல வச்சு வித்ததுதான் தப்பே. அங்க இருந்தா பார்க்க நல்லா இருக்கும், யாரும் தொட மாட்டாங்க. இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை குடுங்க. நாலுல கனம் குறைஞ்ச ரெண்டை மட்டும் வைக்கிறேன். பக்கத்துலேயே சின்னதையும் வைக்கிறேன். வாங்கறவங்க ரெண்டையும் தூக்கிப் பார்த்துட்டு வாங்கட்டும். அப்புறம் ஒரு டிராயர் வேணும்."

"டிராயர் எதுக்கு?"

"வளையம், மூடி, குமிழ். எல்லாக் கம்பெனிக்கும்."

"வளையம் வித்து என்ன கிடைக்கும்?"

"வளையத்துக்கு வர்றவங்க மாடி ஏறித்தானே வரணும்? படிக்கு வர கீழ டிவி பக்கமாத்தானே நடக்கணும்?"

சின்ன முதலாளி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பா உங்களை ஏன் போன் கவர் பக்கம் போடலைன்னு இப்பதான் புரியுது" என்றார். அலமாரியில் அன்றைக்கே கலர் மிக்சிகள் ஏறின. மேசை புதன்கிழமை வந்தது. டிராயர் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வந்தது. தையற்காரர்தான் முதல் ஆளாக வந்து, தன் மிக்சியையும் திருப்பிக் கேட்டு, வளையத்தோடு வாங்கிக்கொண்டு போனார். கூப்பனில் வாங்கிய புதுசைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அது இருக்கட்டும், சண்டை வந்தா ஆளுக்கு ஒன்னா ஓட்டிக்கலாம்" என்றார்.

தூக்கிப் பார்ப்பதற்கென்று மேசைமேல் வைக்க ஒரு பழைய மிக்சி தேவைப்பட்டது. அக்கா வீட்டிலிருந்து தன்னுடையதைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் துணிப்பையின் ஒரு காதை நல்ல கையால் பிடித்துக்கொள்ள, அக்கா மறு காதைப் பிடித்துக்கொள்ள, எட்டு நிமிட நடை பதினைந்து நிமிடமானது. வழியில் இரண்டு முறை இறக்கி வைத்தார்கள். மேல் தட்டு காலியானதும் வீட்டுக்காரர் ஆரஞ்சு மிக்சியை அடுப்பு மேடையில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார். பழக்கதோஷத்தில் சில நாள் துண்டு போட்டு மூடினார்.

இப்போது மேசைக்கு யார் வந்தாலும் அக்கா முதலில் கேட்பது வேறு கேள்வி. "வீட்டுல இதை எங்க வைப்பீங்க? யாரு தூக்குவாங்க?" சிலர் வீட்டுக்கு போன் செய்து விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள். தங்கும் விடுதிச் சமையல்காரர் ஒருவர் கனமானதில் இரண்டு வாங்கிப் போனார். தனியாக இருக்கும் ஒரு நர்ஸுக்கு அக்கா தானே சின்னதை எடுத்துக் கொடுத்து, "ஒரே மூச்சுல ஓட்டாதீங்க, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க, நின்னு உழைக்கும்" என்று சொல்லி அனுப்பினார். இரண்டுக்கும் அடியில் இந்த வருடத்து நிறத்தில், வெளிர் நீலத்தில், ஒரே அளவு எழுத்தில் தேதி போட்டார்.

போன வாரம் ஒரு பெண் அக்காவின் பழைய மிக்சியைத் தூக்கிப் பார்த்தாள். திருப்பினாள். மங்கிய மஞ்சளில் இருந்த தேதியைப் படித்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

"அக்கா, பதினேழு வருஷமா உழைக்குதா இது?"

"வயசு பதினேழு" என்றார் அக்கா. "உழைச்சது எவ்வளவுன்னு என் வீட்டுக்காரரைத்தான் கேக்கணும். நீங்க சொல்லுங்க, உங்க வீட்டு மேடை எவ்வளவு அகலம்?"